எஃப்4-ஆ, கப் காரா, சிம்மா: அடுத்தவன் எப்போ காசு கொடுக்க ஆரம்பிப்பான்?

எங்க அக்கா பையனுக்கு 16 வயசு முடிஞ்சிருச்சு. கார்ட்டிங்ல, அதான் பசங்க ஓட்டுற குட்டி ரேஸ் வண்டில, 7 வருஷம் ஓட்டியாச்சு, கப்பு கொஞ்சம் இருக்கு, விலா எலும்புல ஒரு பழைய கிராக்கும் இருக்கு, அடுத்து என்னங்கிறதுதான் இப்போ வீட்டுல தினமும் ராத்திரி நடக்கிற பஞ்சாயத்து. அத்தான் கணக்கு வழக்கு ஆளு, லேப்டாப்ல எக்செல் ஷீட் ஒண்ணு போட்டு வச்சிருக்காரு, ஒவ்வொரு காலத்துக்கும் (column) ஒரு ரூட், கடைசி வரிசையில "எஃப்1 வாய்ப்பு எத்தனை சதவீதம்"னு தலைப்பு. நான் பார்த்துட்டு முதல்ல அந்த வரிசைய அழிங்க அத்தான்னு சொன்னேன். அதுக்கு பதிலா "எத்தனாவது வருஷத்துல அடுத்தவன் காசு கொடுக்க ஆரம்பிப்பான்"னு போடுங்க, அப்புறம் பேசலாம்னேன். அவரு முறைச்சாரு, ஆனா மாத்திட்டாரு.

ஏன் அப்படி சொன்னேன்னா, நானும் ஒரு காலத்துல ஹெல்மெட்டும் கையுமா திரிஞ்சவன்தான். எஃப்4 எல்லாம் வர்றதுக்கு முன்னாடி இருந்த ஒரு சின்ன ஃபார்முலா சீரீஸ், ஒரே ஒரு சீசன், அதுவும் முழுசா இல்ல. ஒரு ரேஸ்ல முதல் கார்னர்ல பின்னாடி வந்தவன் பிரேக்க விட்டுட்டு என் ரியர் வீல் மேல ஏறிட்டான். தப்பு அவனோடதுதான்னு ரேஸ் நடுவருங்களான ஸ்டூவர்டுங்களே சொல்லி அவனுக்கு பெனால்டியும் கொடுத்தாங்க. மறுநாள் டீம்ல இருந்து எனக்கு வந்த பில்லுல ரியர் விங், ரெண்டு விஷ்போன், ஃப்ளோர், கியர்பாக்ஸ் கேசிங், லேபர் எல்லாம் வரிசையா இருந்துச்சு. யார் தப்பா இருந்தாலும் சேதத்துக்கு டிரைவர்தான் பொறுப்புன்னு கான்ட்ராக்ட்ல நாலாவது பக்கத்துல இருந்ததாம், அப்பா கையெழுத்து போட்டது முதல் பக்கத்தையும் கடைசி பக்கத்தையும் மட்டும் பார்த்து. அந்த பில்ல கட்டினோம், மிச்ச சீசனுக்கு காசு இல்ல, அவ்வளவுதான் என் கேரியர். வேகம் பத்தாம நின்னவங்கள விட இப்படி நின்னவங்கதான் எனக்கு தெரிஞ்சு அதிகம்.

சரி, ஒவ்வொண்ணா வருவோம்.

எல்லாருக்கும் தெரிஞ்ச ஏணி முதல்ல. 15 வயசுல இருந்து எஃப்4 (ஃபார்முலா 4, கூரை இல்லாத சிங்கிள் சீட்டர் கார்), அப்புறம் ஃபார்முலா ரீஜினல், எஃப்3, எஃப்2, அதுக்கு மேல எஃப்1. பேப்பர்ல பார்த்தா ஸ்கூல் மாதிரி வரிசையா இருக்கும், பாஸ் பண்ணா அடுத்த கிளாஸ். ஆனா வேற எந்த தொழில்லயும் மேல போகப் போக சம்பளம் ஏறும், இங்க மேல போகப் போக நாம கட்டுற ஃபீஸ்தான் ஏறுது. எஃப்4-ல ஒரு சீசன் லட்சக்கணக்கான யூரோ, எஃப்2-வுக்கு வந்தா மில்லியன் கணக்கு, அதுவும் சீட்டுக்கு மட்டும். டெஸ்ட் நாள், கூடுதல் டயர், சிமுலேட்டர் நாள், கோச், பயணம், நான் சொன்ன அந்த சேத பில், எல்லாம் தனி. யானைய வாங்கிட்டு அங்குசத்துக்கு யோசிக்காதன்னு சொல்லுவாங்க, இங்க அங்குசமே பாதி யானை விலை.

சரி காசு இருக்குன்னே வைங்க, அப்போவும் எவ்வளவு நேரம் ஓட்ட கிடைக்குது? எஃப்3-ல ஒரு வாரக் கடைசில 45 நிமிஷம் பிராக்டிஸ், 30 நிமிஷம் குவாலிஃபையிங் (ரேஸ்ல எந்த இடத்துல இருந்து கிளம்பணும்னு முடிவாகிறது), 30 கார். அந்த அரைமணி நேரத்துல புது டயர்ல உருப்படியா கிடைக்கிறது விரல் விட்டு எண்ணுற லாப்புதான், அதுல ஒருத்தன் முன்னாடி ஸ்பின் ஆகி மஞ்சள் கொடி வந்தா போச்சு, 22-ஆவது இடம், ரெண்டு ரேஸும் கூட்டத்துக்குள்ள. எல்லாருக்கும் ஒரே சேஸிஸ், ஒரே எஞ்சின், ஒரே டயர், அதனால திறமை தானா தெரிஞ்சிரும்னு நம்பிடாதீங்க. கார் ஒண்ணுதான், ஆனா அதை செட் பண்ற எஞ்சினியரும் டேம்பரோட (ஷாக் அப்சார்பர்) நுணுக்கமும் டீமுக்கு டீம் வேற, அந்த நல்ல டீம் சீட்டெல்லாம் முன்னாடியே போயிடும்.

யாருக்கு போகும்னா பெரும்பாலும் அகாடமி பசங்களுக்கு, அதாவது எஃப்1 டீமுங்க சின்ன வயசுலயே எடுத்து வளர்க்கிற பசங்களுக்கு. லூயிஸ் ஹாமில்டன மெக்லாரன் 1998-ல சேர்த்துக்கிட்டப்போ அவருக்கு 13 வயசு, அதுவரைக்கும் அவங்க அப்பா ஒண்ணுக்கு மேல வேலை பார்த்து கார்ட் ஓட்ட வச்சாரு. கிமி அன்டோனெல்லி கார்ட்டிங் வயசுலயே மெர்சிடஸ் கைக்கு போயிட்டாரு, 2022-ல எஃப்4, 2025-ல எஃப்1, நடுவுல எஃப்3-ய தாண்டியே குதிச்சாரு. இதுதான் விஷயம், இந்த ஏணில அடுத்தவன் காசு கொடுக்கணும்னா ஏணி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கொடுக்க ஆரம்பிச்சிருக்கணும். 12, 13 வயசுல யாரும் கூப்பிடலைன்னா கிட்டத்தட்ட எஃப்2 வரைக்கும் நம்ம காசுதான். எஃப்1 டிரைவர் எஸ்தபான் ஒக்கோன் வீட்டுல வீட்டையே வித்துட்டு கேரவன்ல குடியிருந்தாங்கன்னு எல்லாரும் புல்லரிச்சு சொல்லுவாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு, அதே மாதிரி வீட்ட வித்து சீட் கிடைக்காதவங்கள யாரு பேட்டி எடுக்கிறாங்க?

அகாடமில இருந்தாலும் நிரந்தரம் இல்ல, ஒரு போன் கால்ல வெளிய அனுப்பிடுவாங்க. சரி அதெல்லாம் தாண்டி உச்சிக்கே போயாச்சு, அப்புறம்? எஃப்1 ஓட்டத் தேவையான சூப்பர் லைசன்ஸுக்கு 3 சீசன்ல 40 பாயின்ட் வேணும், எஃப்2-ல முதல் 3 இடத்துக்குள்ள வந்தா அந்த 40 ஒரே வருஷத்துல கிடைச்சிரும். லைசன்ஸ் கிடைக்கும், சீட் கிடைக்கணும்னு இல்ல. ஃபெலிப்பே ட்ருகோவிச் 2022 எஃப்2 சாம்பியன், தியோ புர்ஷேர் 2023 சாம்பியன், ரெண்டு பேருமே அதுக்கு அப்புறம் எஃப்1 சீட்டு கிடைக்காம வேற வேற சீரீஸ்ல வேலை தேட வேண்டியதாச்சு. இதுல கொடுமை என்னன்னா எஃப்2 சாம்பியன் திரும்ப எஃப்2 ஓட்டக்கூடாதுன்னு ரூல், ஜெயிச்சதுக்கு பரிசா வேலை போச்சு. 2026-ல கெடிலாக் புது டீமா வந்து எஃப்1 சீட் 20-ல இருந்து 22 ஆச்சு, ரெண்டு சீட் கூடினதுக்கே ஊரு உலகம் பூரா கொண்டாட்டம், அதுலயே தெரியலையா வாசல் எவ்வளவு சின்னதுன்னு.

ரெண்டாவது ரூட், எனக்கு புடிச்சது, பையனுக்கு புடிக்காதது: கூரை உள்ள கார். ஒன்-மேக் கப் (எல்லாருக்கும் ஒரே கம்பெனியோட ஒரே மாடல் கார்), அப்புறம் ஜிடி4, ஜிடி3 (ரோட்டுல ஓடுற ஸ்போர்ட்ஸ் கார ரேஸுக்கு மாத்தினது), அங்கிருந்து எண்டூரன்ஸ் (ஒரே கார ரெண்டு மூணு பேர் மாத்தி மாத்தி மணிக்கணக்கா ஓட்டுற ரேஸ்).

"மாமா, கதவு இருக்கிற கார்ல யாரு மாமா ரேஸ் ஓட்டுவா"ன்னான். நான் ஏர்ல் பாம்பர் கதைய சொன்னேன். நியூசிலாந்து ஆளு, சிங்கிள் சீட்டர்ல ஓட்டிட்டு இருந்தாரு, காசு தீர்ந்துச்சு, மத்தவங்களுக்கு டிரைவிங் கோச்சா வேலை பார்த்தாரு. அப்புறம் போர்ஷே கப் கார் ஒண்ணுல உக்கார சான்ஸ் கிடைச்சு 2013-ல ஏசியா கரேரா கப் சாம்பியன், 2014-ல திரும்பவும் அதே, அதே வருஷம் போர்ஷே ஸ்காலர்ஷிப்ல சூப்பர்கப் ஓட்டி அதுலயும் சாம்பியன். சூப்பர்கப்ங்கிறது 1993-ல இருந்து எஃப்1 வீக்கெண்ட்லயே நடக்கிற ரேஸ், பெரிய தலைங்க எல்லாம் பார்த்துட்டு இருக்கிற இடம். 2015-ல போர்ஷே அவர லெ மான் 24 மணி நேர ரேஸுக்கு டாப் கிளாஸ் கார்ல உக்கார வச்சது, முதல் தடவையிலயே ஜெயிச்சாரு, கூட ஓட்டினவங்க நிக் டாண்டியும் அப்போ எஃப்1 ஓட்டிட்டு இருந்த நிகோ ஹூல்கன்பெர்கும். கோச்சிங் வேலையில இருந்து ரெண்டு மூணு வருஷத்துல லெ மான் மேடை. இதுல கவனிக்க வேண்டியது அவரு காசு கட்டுறவரா இருந்து காசு வாங்குறவரா மாறின வேகம்தான்.

கப் கார் லேசுன்னு நினைக்காதீங்க. சூப்பர்கப்ல பல வருஷம் ஓடின 911 கப் கார்ல ஏபிஎஸ் கிடையாது, டிராக்ஷன் கன்ட்ரோல் கிடையாது, எஞ்சின் ரியர் ஆக்சிலுக்கும் பின்னாடி தொங்குது. கார்னர் நடுவுல பயந்து ஆக்சிலேட்டர டக்குன்னு விட்டீங்கன்னா பின்பக்கம் உங்கள முந்திட்டு போகும். பிரேக்க ஒரேயடியா மிதிச்சு, முன் டயர் லாக் ஆகுறதுக்கு முன்னாடி கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டே வண்டிய திருப்பணும், கால்லயே எடை பார்க்கிற மாதிரி ஒரு வேலை அது.

இப்போ ஜிடி3-ல காசு எப்படி ஓடுதுன்னு சொல்றேன், இது யாரும் பசங்களுக்கு சொல்லித் தர்றதில்ல. உலக மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்ஐஏ டிரைவர்களுக்கு நாலு கிரேடு வச்சிருக்கு, பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸ். பிரான்ஸ்ங்கிறது பெரும்பாலும் தொழில் பண்ணி சம்பாதிச்சு வயசான அப்புறம் ரேசிங் ஆரம்பிச்ச ஆளுங்க. நிறைய சீரீஸ்ல ஒரு கார்ல ஒரு பிரான்ஸ் கட்டாயம், வேர்ல்டு எண்டூரன்ஸ்ல 2024-ல இருந்து இருக்கிற எல்எம்ஜிடி3 கிளாஸும் அப்படித்தான், மூணு பேர்ல ஒருத்தர் பிரான்ஸ், இன்னொருத்தர் சில்வரோ பிரான்ஸோ. காரோட செலவுல பெரும்பகுதி அந்த பிரான்ஸ் டிரைவர் தலையில. அவருக்கு என்ன வேணும்? ஜெயிக்கணும். ஜெயிக்கணும்னா கிரேடுல சில்வரா இருக்கிற, ஆனா கோல்டு மாதிரி ஓட்டுற ஒரு சின்ன பையன் வேணும். 30 வயசுக்குள்ள இருக்கிற, பெருசா பட்டம் ஜெயிக்காத பசங்க எல்லாம் சாதாரணமா சில்வர்தான். புரியுதா? எஃப்4-ல 8-ஆவது வர்ற பையன யாரும் சீண்ட மாட்டாங்க, அதே பையன் இங்க வேகமான சில்வர்னா அவனுக்கு கிராக்கி. முதல்ல கொஞ்சம் காசு கொண்டு வரச் சொல்லுவாங்க, அப்புறம் பாதி, அப்புறம் சும்மா வந்து ஓட்டுன்னுவாங்க, அப்புறம் நாள் சம்பளம்.

இதுலயும் ஒரு குழி இருக்கு. நல்லா ஜெயிச்சா கோல்டுக்கு ஏத்திடுவாங்க, ஏத்தின உடனே சில்வர் சீட் போச்சு, கோல்டு சீட்டுக்கு கம்பெனி டிரைவர்களோட போட்டி போடணும். எனக்கு தெரிஞ்ச ஒரு பையன் கிரேடு லிஸ்ட் வந்த அன்னைக்கு தன் பேர கோல்டுல பார்த்துட்டு அழுதான், மார்க் கூடினதுக்கு ஃபெயில் ஆன ஒரே ஆளு அவன்தான்னு நாங்க கிண்டல் பண்ணோம், அவனுக்கு சிரிப்பு வரல. அதனால சில்வரா இருக்கிற அந்த ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள ஏதாவது ஒரு கார் கம்பெனி கண்ணுல பட்டாகணும், ஜூனியர் ப்ரோக்ராம்லயாவது நுழையணும். கெடு இங்கயும் இருக்கு, எஃப்2 மாதிரி கழுத்த நெரிக்காது, அவ்வளவுதான்.

வேகம் மட்டும் போதாது இந்த ரூட்டுக்கு. 50 வயசு தொழிலதிபர் ஒருத்தர் உங்கள விட 3 செகண்ட் ஸ்லோவா ஓட்டிட்டு வந்து உக்காருவாரு, அவரோட டேட்டாவ திறந்து வச்சு, சார் இந்த கார்னர்ல நீங்க பிரேக்க சீக்கிரம் புடிக்கிறீங்க, 10 மீட்டர் தள்ளி புடிச்சு பாருங்கன்னு அவரு மனசு நோகாம சொல்லத் தெரியணும். அவரு காரை சுவத்துல கொண்டு போய் வச்சாலும் முகத்துல காட்டக்கூடாது. எங்க பையனுக்கு இது வருமான்னு அக்காவுக்கு சந்தேகம், ரிமோட்டுக்கே தம்பி தங்கச்சியோட சண்டை போடுறவன்.

ஒரே வீட்டுல ரெண்டு ரூட்டையும் பார்க்கணும்னா மைனி சகோதரர்கள பாருங்க. அண்ணன் அர்ஜுன் மைனி 2018-ல எஃப்2 ஓட்டினாரு, அப்புறம் ஸ்போர்ட்ஸ் கார் பக்கம் திரும்பி 2021-ல இருந்து ஜெர்மனியோட டிடிஎம் சீரீஸ்ல ஜிடி3 கார் ஓட்டுறாரு. தம்பி குஷ் மைனி ஏணியிலயே நின்னாரு, 2025-ல மொனாக்கோ எஃப்2 ஸ்பிரிண்ட் ரேஸ் ஜெயிச்சாரு, மொனாக்கோல ஜெயிக்கிறதுன்னா சும்மா இல்ல. எது சரின்னு நான் தீர்ப்பு சொல்லல, ஆனா கூரை வண்டின்னா தோத்தவங்க வர்ற இடம்னு நினைக்கிறவங்க பிரெண்டன் ஹார்ட்லியையும் பார்க்கணும். 2010-ல ரெட் புல் அவர ஜூனியர் டீம்ல இருந்து கழட்டி விட்டுச்சு, எண்டூரன்ஸுக்கு போயி 2015-லயும் 2017-லயும் உலக சாம்பியன், 2017-ல லெ மான் வெற்றி, அதே 2017 கடைசில அதே ரெட் புல் குடும்பம் அவர டோரோ ரோசோ எஃப்1 கார்ல உக்கார கூப்பிட்டுச்சு. எஃப்1 சரிப்படல, திரும்பி வந்து லெ மான இன்னும் ரெண்டு தடவ ஜெயிச்சாரு.

மூணாவது சிம், அதாவது வீட்டுல சிமுலேட்டர்ல, கம்ப்யூட்டர் கேம்ல ரேஸ் ஓட்டுறது. அத்தானுக்கு இதுதான் ஆசை, ஏன்னா ஷீட்ல இருக்கிறதுலயே சின்ன நம்பர் இதுதான். கேம் ஆடி ரேசர் ஆனவங்க இருக்காங்க, பொய் இல்ல. யான் மார்டன்பரோ 2011-ல கேம் ஆடுறவங்கள ரேசர் ஆக்குற ஜிடி அகாடமி போட்டிய ஜெயிச்சு, 2013-லயே லெ மான்ல டாப் கிளாஸுக்கு அடுத்த எல்எம்பி2 கிளாஸ்ல 3-ஆவது வந்தாரு. ஜெம் பொலுக்பாஷி சிம்ல இருந்து 2022-ல எஃப்2 வரைக்கும் போனாரு. கிறிஸ் லுலாம் சிம் டீம்ல இருந்து 2025-ல வெர்ஸ்டாப்பன் பேர்ல ஓடுற ஜிடி3 கார்ல ஏறினாரு. ஆனா இதுல ஒரு விஷயம் கவனிங்க, இவங்களுக்கு எல்லாம் கேமுக்கும் காருக்கும் நடுவுல யாரோ ஒருத்தர் பாலம் போட்டுக் கொடுத்தாங்க. ஜிடி அகாடமிங்கிற அந்த பாலம் 2016-ஓட முடிஞ்சு போச்சு. இப்போ ஐரேசிங்கிற ஆன்லைன் சிம் ரேஸ்ல பெரிய ரேட்டிங் வச்சிருக்கிறது மட்டும் எந்த டீம் கதவையும் திறக்காது, அங்க ஒரு டீமும் ஒரு பெரிய ஆளும் உங்கள கவனிச்சாத்தான் உண்டு.

அதுக்காக சிம்ம ஒதுக்காதீங்க, ரூட்டா பார்க்காம கருவியா பாருங்க. எங்க பையனையே எடுத்துக்கங்க. கியர் இல்லாத கார்ட்ல பிரேக் ரியர் ஆக்சில்ல மட்டும்தான், நாலு வீல்லயும் பிரேக் புடிக்கிற வண்டிய அவன் கால் பார்த்ததே இல்ல. லோட் செல் பெடல் ஒண்ணு வாங்கி போட்டோம், அது எவ்வளவு தூரம் மிதிக்கிறீங்கன்னு பார்க்காது, எவ்வளவு அழுத்தம்னு பார்க்கும், நிஜ ரேஸ் கார் மாதிரி. முதல் நாள் அவனோட பிரேக் கிராஃப் பார்த்தா மொட்டை மாடி மாதிரி இருந்துச்சு, நேரா மேல ஏறி, தட்டையா நின்னு, நேரா கீழ. ஆறு வாரம் கழிச்சு பார்த்தா சறுக்குமரம் மாதிரி வருது, சட்டுன்னு உச்சிக்கு போயி அப்படியே மெதுவா சரிஞ்சு கார்னர் உள்ள வரைக்கும். அந்த சரிவுதான் லாப் டைம். இத நிஜ டிராக்ல கத்துக்கணும்னா எத்தனை டெஸ்ட் நாள், எத்தனை செட் டயர் போயிருக்கும். ஆனா பயம்னு ஒண்ணு சிம்ல இல்ல, கழுத்து வலியும் இல்ல, மழையில முன்னாடி போற காரோட தண்ணிச் சாரல்ல ஒண்ணுமே தெரியாம ஆக்சிலேட்டர அமுக்கி வச்சிருக்கிறதும் இல்ல.

நாலாவது, கண்டம் மாறுறது. அமெரிக்காவுல ஏணிக்கு ஒரு நல்ல குணம், கீழ் படில சாம்பியன் ஆனா மேல் படிக்கு போக ஸ்காலர்ஷிப் தர்ற பழக்கம் அங்க ரொம்ப நாளா இருக்கு. அதாவது ஜெயிச்சா ஃபீஸ் குறையும், ஐரோப்பாவுல ஜெயிச்சா ஃபீஸ் ஏறும், வித்தியாசம் இதுதான். ஜோசஃப் நியூகார்டன் 2010-ல ஐரோப்பாவுல ஜிபி3 (GP3, எஃப்3 மாதிரி ஒரு படி) ஓட்டி பார்த்தாரு, சரி வரல, திரும்பி போயி 2011-ல இண்டி லைட்ஸ் சாம்பியன், 2017, 2019-ல அதுக்கு மேல் படியான, அமெரிக்காவோட பெரிய சிங்கிள் சீட்டர் சீரீஸ் இண்டிகார்ல சாம்பியன், 2023, 2024-ல இண்டி 500. அலெக்ஸ் பலோ இன்னும் சுவாரசியம், ஐரோப்பாவுல வழி அடைபட்டு ஜப்பான் போயி 2019-ல அங்க பெரிய சிங்கிள் சீட்டர் சீரீஸான சூப்பர் ஃபார்முலால 3-ஆவது, 2020-ல இண்டிகார், அப்புறம் 2021, 2023, 2024, 2025 சாம்பியன். நம்ம நரேன் கார்த்திகேயனும் எஃப்1 முடிஞ்ச அப்புறம் பல வருஷம் சூப்பர் ஃபார்முலால ஓட்டி, 2019-ல அங்கயே கூரை கார் ரேஸான சூப்பர் ஜிடி பக்கம் போயி, அந்த வருஷ கடைசில ஃபூஜில டிடிஎம் கார்களும் சேர்ந்து ஓடின ரேஸ ஜெயிச்சாரு, 42 வயசுல. ஜப்பான்ல கார் கம்பெனிங்கதான் டிரைவருக்கு சம்பளம் கொடுக்கிற முதலாளி, அது ஒரு பெரிய நிம்மதி, ஆனா 16 வயசுல பாஷை தெரியாத ஊருல தனியா இருக்கணும், அதுக்கு ஒரு மனசு வேணும்.

அந்தப் பக்கம் போனா எஃப்1 கதவு மூடிருமான்னு கேட்டா, கிட்டத்தட்ட ஆமா. கோல்ட்டன் ஹெர்டா 18 வயசுல இண்டிகார் ரேஸ் ஜெயிச்சவரு, 2022-ல எஃப்1 டீம் ஒண்ணு கூப்பிட்டப்போ சூப்பர் லைசன்ஸ் பாயின்ட் பத்தலைன்னு நின்னு போச்சு, கடைசில அந்த பாயின்ட்டுக்காகவே 2026-ல எஃப்2-வுக்கு வர்றதா முடிவு பண்ணாரு. இண்டிகார் ஓட்டினவரு எஃப்2-வுக்கு! பி.ஹெச்டி முடிச்சவன் பிளஸ் டூ எழுத வந்த மாதிரி.

ஷீட்ல கடைசி காலம் (column) ஒண்ணு இருக்கு, யாரும் சத்தமா படிக்க மாட்டாங்க: ஓட்டுறத நிறுத்திட்டு படிச்சு பேடாக்குக்குள்ளயே (டிராக்ல டீமுங்க வேலை பார்க்கிற இடம்) வேற வேலைக்கு வர்றது, டேட்டா எஞ்சினியர், கோச், மெக்கானிக். நான் பண்ணது இதுதான், முதல் நாள்ல இருந்து சம்பளம். கசக்கும், வேற ஒருத்தன் காருக்குள்ள ஏறுறத ரெண்டு வருஷம் பார்க்க முடியல எனக்கு. அத ஒரு ரூட்டா நான் அவனுக்கு சொல்லல, ஆனா ஷீட்ல இருக்கட்டும்னு அழிக்க விடல.

இன்னொண்ணு, அவன் தங்கச்சிக்கு 10 வயசு, அவளும் கார்ட் ஓட்டுறா. அவ கணக்கு வேற. 2023-ல பொண்ணுங்களுக்குன்னு ஆரம்பிச்ச எஃப்1 அகாடமி சீரீஸ்ல 2024-ல இருந்து எஃப்1 டீம் ஒவ்வொண்ணும் ஒரு டிரைவர ஆதரிக்குது, அபி புல்லிங் 2024-ல சாம்பியன் ஆனதும் அடுத்த வருஷம் பிரிட்டன்ல நடக்கிற ஜிபி3 (GB3, நியூகார்டன் ஓட்டின GP3 இல்ல) சீட்டு முழு செலவோட பரிசா கிடைச்சது. அதுக்கு முன்னாடி பொண்ணுங்க மட்டும் ஓட்டின டபிள்யூ சீரீஸ மூணு தடவ ஜெயிச்ச ஜேமி சாட்விக்குக்கே மேல ஏற ஐரோப்பாவுல வழி கிடைக்காம அமெரிக்காவுல இண்டிகாருக்கு கீழ் படியான இண்டி நெக்ஸ்ட்டுக்கு (பழைய இண்டி லைட்ஸ்) போக வேண்டியிருந்தது, அந்த நிலைமை இப்போ கொஞ்சம் மாறியிருக்கு. ரெண்டு சீசனுக்கு மேல எஃப்1 அகாடமில ஓட்ட முடியாது, அப்புறம் மறுபடி அதே பழைய கேள்விதான், ஆனா அடுத்தவன் காசு சீக்கிரம் வர்ற ரூட்டுன்னு பார்த்தா வீட்டுல அவளுக்குத்தான் நல்ல சீட்டு. இத நான் சொன்னதும் அண்ணன்காரன் எழுந்து போயிட்டான்.

ஸ்பான்சர் பத்தி எல்லாரும் கேப்பாங்க. எந்த கம்பெனியும் உங்க கார்ல ஒட்டுற ஸ்டிக்கருக்கு காசு தராது, அவங்களோட பெரிய வாடிக்கையாளர ரேஸுக்கு கூட்டிட்டு வந்து பிட்ல நிக்க வச்சு ஹெட்செட் மாட்டி விட முடியுமா, அதுக்குத்தான் தருவாங்க. ஜிடி ரேஸ்ல பக்கத்து சீட்டுல உக்கார வச்சு ஒரு ரவுண்டு கூட்டிட்டு போகலாம், எஃப்4-ல இருக்கிறது ஒரே ஒரு சீட்டு. சின்ன விஷயம்தான், நான் பார்த்த வரைக்கும் நிறைய டீல் அந்த ஒரு ரவுண்டுலதான் முடிஞ்சிருக்கு. அப்புறம், உன் பையனுக்கு நான் முதலீடு பண்றேன், பின்னாடி வர்ற வருமானத்துல இத்தனை பங்கு எனக்குன்னு ஒருத்தர் வருவாரு. அப்போ வக்கீல பாருங்க, நாலாவது பக்கத்தையும் படிங்க.

எல்லாம் பேசி முடிச்சு நான் என்ன சொன்னேன்னா, 13 வயசுல அகாடமி கூப்பிடல, அது யார் தப்பும் இல்ல. கையில இருக்கிற காசுக்கு எஃப்4-ல ஒரு சீசன் நடுத்தர டீம்ல ஓட்டலாம், 12-ஆவதா முடிப்பான், அடுத்த வருஷத்துக்கு ஒண்ணும் மிஞ்சாது. அதே காசு கப் கார்னா ரெண்டு சீசன் வரும், கூட சேத பில்லுக்கு ஒரு பங்கு தனியா எடுத்து வைக்கலாம், ரெண்டாவது சீசன்ல ரூக்கி (புதுசா வந்தவங்க) வரிசையில முன்னாடி இருந்தா கார் கம்பெனியோட ஜூனியர் செலக்ஷனுக்கு கூப்பிட வாய்ப்பு இருக்கு, கூப்பிடலைன்னாலும் கையில சில்வர் கிரேடும் கோச்சிங் வேலையும் இருக்கும். எஃப்1 கனவு அதோட போச்சான்னா ஆமா, போச்சு, அத அவன்கிட்ட மறைக்கல. ஒரு நாள் முழுக்க பேசல என்கூட.

அடுத்த நாள் ராத்திரி வந்து லேப்டாப்ப திறந்து வச்சு காருக்குள்ள இருந்து எடுத்த ஒரு ஆன்போர்டு வீடியோ காட்டினான், கப் கார், மழை, ஸ்பா டிராக். "மாமா, இங்க இவரு ஆக்சிலேட்டர விடாம ஸ்டீயரிங்க எதிர்ப் பக்கம் திருப்பி காப்பாத்துறாரு பாருங்க, எப்படி மாமா"ன்னான். அரைமணி நேரம் அந்த ஒரு கார்னரையே முன்னாடி பின்னாடி ஓட்டி பார்த்தோம்.

அடுத்த மாசம் கப் கார்ல ரெண்டு நாள் டெஸ்ட் புக் பண்ணியாச்சு, ரெண்டு செட் டயர், சேதத்துக்கு ஒரு வரம்பு எழுத்துல வாங்கியாச்சு, நாலாவது பக்கத்த நானே ரெண்டு தடவ படிச்சேன். அத்தான் ஷீட்ல கடைசி வரிசையில கப் காருக்கு நேரா 3-னு போட்டு பக்கத்துல ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்காரு. எஃப்4-க்கு நேரா இன்னும் காலியாத்தான் இருக்கு.